நின்றபடி

“அப்பா, இன்னிக்கு உங்க பரிசல்ல நான் நின்னுக்கிட்டுத்தான் அக்கரைக்கு வருவேன்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சின்ன வயதிலேயே சொல்லிவைத்திருந்தாள். அப்பாவின் பரிசலில் ஆண்கள் நிற்கலாம், பெண்கள் குத்தவைத்து உட்கார வேண்டும். கல்லூரி முடியும்வரை, ஆறு என்று நான் பார்த்ததெல்லாம் முன்னால் நிற்பவர்களின் கால்களைத்தான்.

அக்கரையில் சிநேகிதிகள் காத்திருக்கிறார்கள். நின்றபடியே துடுப்புப் போடும் பலகைகளில் கடல்வரை போகப்போகிறோம். அதற்காக, காற்றடித்த லாரி டியூப் மேல் பலகை போட்டு தினமும் வாசலில் நின்று பழகினேன். எத்தனையோ தடவை விழுந்தேன். அப்பா ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர் இப்போதும் நிமிரவில்லை. “பொம்பள நின்னா ஆறு தாங்காது கண்ணு.”

“அண்ணன் நின்னா தாங்குதே. என்னை மாதிரி ரெண்டு பேர் கனம் அவன்.”

துடைக்கும் கை நின்றது. பிறகு மறுபடி துடைக்க ஆரம்பித்தது.

என் பலகையை அக்குளில் இடுக்கி, அதன் துடுப்பையும் எடுத்துக்கொண்டு ஆற்றுப்படியில் இறங்கினேன். அவருடைய துறையைத் தாண்டாமல் கடலுக்கு வழியில்லை. பலகைமேல் நின்றுகொண்டுதான் தாண்டுவேன். அப்போதாவது அவர் நிமிர வேண்டும்.