ஆணி அடித்த வட்டம்

“ஓட்டைய இன்னும் சின்னதாக்கு அம்மிணி. அவ நெழலு கூடத் தெரியப்படாது!”

நாச்சிமுத்து மேசையைத் தட்டியதில் சித்ராவின் மவுஸ் துள்ளியது. போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் முதலாளிக்கு, ஃபேர்லேண்ட்ஸில் இருந்த அவளுடைய சின்ன வெப் டிசைன் அலுவலகமும் தன் பட்டறை மாதிரிதான் போலும்.

அவர் மகன் ரமேஷ்குமாரின் கல்யாணத்துக்கு இணையத்தில் அழைப்பிதழ். முகப்பில் அவனும் அக்கா மோனிஷாவும் தோளில் கைபோட்டுச் சிரிக்கும் படம். அதன்மேல் சித்ரா ஒரு கறுப்புத் திரையைப் போர்த்தி, சிஎஸ்எஸ் நிரலில் ஒரு வட்டத்தை மட்டும் கண்ணாடியாக்கியிருந்தாள். விரல் போகும் இடமெல்லாம் வட்டமும் போகும். அடியில் இருக்கும் படம் அந்த இடத்தில் தெரியும்.

“நகரப்படாது. ஆணி அடிச்சாப்ல பையன் மேலயே நிக்கோணும்.”

“வேற படம் போட்டுக்கலாங்களே?”

“இந்தப் படந்தான்.”

“அப்பா, எனக்கு இணைச்சீர் செய்ய வேண்டியவளே அக்காதான். அவளப் போயி...” பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரமேஷ்குமார் முடிக்கவில்லை.

“சீர் செய்யப் பங்காளி ஊட்டுப் புள்ளைக இருக்கறாங்க. சொல்லாம ஓடுன அன்னிக்கே அவ செத்துட்டா. ஊட்டுல இருந்த அவ படத்தையெல்லாம் அடுப்புல போட்டாச்சு. உம்பட போன்ல இருந்த இது ஒண்ணுதான் மிச்சம்.”

சித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப அந்தப் பாதிய வெட்டி எறிஞ்சர்றனுங்க. ஒரேயடியா ஒழிஞ்சுது.”

“வெட்டச் சொன்னனா நானு?” அவர் போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. “மறைக்கத்தான் சொன்னேன். சொன்னதச் செய்யி!”

பல்லைக் கடித்துக்கொண்டு எண்களை மாற்றினாள். வட்டம் சுருங்கித் தம்பியின் முகத்தில் நின்றது. அவன் தோளில் கிடந்த அக்காவின் விரல்களும் இருட்டுக்குள் போயின.

ரமேஷ்குமார் யார் முகத்தையும் பார்க்காமல் காரை எடுக்கப் போனான். நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போனால் போதும் என்று சித்ரா கோப்பைச் சேமித்தாள்.

வாசலை ஒரு முறை திரும்பிப் பார்த்தவர், தன் செல்போனை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

“எம்பட போனுக்கு மட்டும் அந்த ஓட்டைய அவ மேல வெச்சுக் குடு, சாமி.”