ஏழாம் கேள்வியின் திமிர்

வினாத்தாள் ஒன்றில் ஏழாம் கேள்விக்குத் திமிர் தலைக்கேறியிருந்தது. வெள்ளோட்டத் தேர்வில் கெட்டிக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில்தான் கவிழ்ந்திருந்தார்கள்.

"என்கிட்ட மோதினா இதான் கதி," என்று எட்டாம் கேள்வியிடம் மீசை முறுக்காத குறையாகச் சொன்னது. "உன்னை மாதிரி சப்பை இல்லைடா நான்."

"ஆனா அண்ணே, பரீட்சையில தூங்கி வழிஞ்சவன், புத்தகத்தையே திறக்காதவன் எல்லாம் உங்களைச் சரியாப் போட்டிருக்கானே?"

"அது குருட்டு அதிர்ஷ்டம். நீ வயிறு எரியாதே."

அப்போது சிவப்புப் பேனா வந்தது. ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப்பட்ட பிள்ளைகள் சரியாகப் போட்டார்கள் என்று கோடு வரைந்து பார்ப்பது அதன் வேலை. பிள்ளைகளின் திறமை ஏற ஏற, எட்டாம் கேள்வியின் கோடும் ஏறியது. ஏழாவதின் கோடோ சறுக்குமரம் மாதிரி இறங்கியது.

"பார்த்தியா, என் ஸ்டைலே தனி!" என்றது ஏழாம் கேள்வி.

பேனா அதை உரக்கப் படித்தது. "எட்டுக் கால் உள்ள உயிர் எது? சரியான விடை, எறும்பு." பிறகு முனையை அதன் பக்கம் திருப்பியது. "யோவ், உன் விடையை நீ என்னிக்காவது பார்த்திருக்கியா?"

"நான் எதுக்குப் பார்க்கணும்?" ஏழாம் கேள்வி முறைத்தது. "பதில் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டியது பசங்கதானே!"