சார்ஜ் குறையாத போன்

"இன்னும் கொஞ்சம் மிதிப்பா அழகு. பஸ்ஸு மேலூரைத் தாண்டிருச்சு" என்றார் சிவக்குமார், கையிலிருந்த போனை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அழகுராஜா மிதித்தான். முன்னால் போன லாரியை ஒடித்து முந்தியதில் சிவக்குமாரின் தோள் கதவில் இடித்தது.

மதுரை கே.கே. நகரில் சிவக்குமார் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவன் அழகுராஜா. சொந்தமாக ஒரு வாடகைக் கார். தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இன்று காலை ஆபீஸிலிருந்து ஓடி வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்துவிட்டு, "பவதாரிணியக் காணோம்ப்பா, வண்டிய எடு" என்று சிவக்குமார் போனில் பதறியபோது, இரண்டாவது ரிங்கிலேயே எடுத்திருந்தான்.

சிவக்குமாரின் போனில் மேப் விரிந்து கிடந்தது. மனைவி பவதாரிணியின் படம் போட்ட சின்ன வட்டம் ஒன்று திருச்சி ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் நேரா இந்த ரோட்டப் புடிச்சிருச்சு. திருச்சியில அவ அம்மா வீடு. அங்கதான் போறா. அடிச்சா ரிங்கு போகுது, எடுக்க மாட்டேங்கிறா."

"சார்ஜ் எம்புட்டு சார் இருக்கு?"

"அவ படத்துக்குக் கீழயே காட்டுது. எழுபத்தாறு."

பிடித்து வைத்திருந்த மூச்சை அழகுராஜா மெதுவாக விட்டான். நடுவழியில் அந்த போன் மட்டும் அணைந்துபோனால் எல்லாம் கெட்டது.

"அதெல்லாம் அணையாது" என்றார் சிவக்குமார். "விலை கம்மியான போன்தான். ஆனா ஒருக்கா சார்ஜ் போட்டா மூணு நாள் தாங்கும். அவ நல்ல கேமரா வேணும்னா. நாந்தான் பேட்டரியப் பாத்து இத வாங்கிக் குடுத்தேன். பழைய போன்ல எப்பப் பாரு சார்ஜ் இல்ல, ஆஃப் ஆயிருச்சுன்னு ஒரே சாக்கு."

"அம்புட்டு அக்கறை சார் உங்களுக்கு."

"பின்ன? அரை மணிக்கு ஒருக்கா வீடியோ கால் போட்டுருவேன். எடுக்கலைன்னா பத்து நிமிஷத்துல வீட்டுல நிப்பேன். தெருமுனைக் கடைக்குப் போனாக்கூட இதுல தெரிஞ்சிரும்."

அழகுராஜா ஸ்டீயரிங்கில் விரல்களால் தட்டிக்கொண்டே வந்தான். ஏசி ஓடியும் கழுத்து வியர்த்தது. மணி பார்த்தான். அரை நிமிடம்கூடக் கழியாமல் மறுபடி பார்த்தான்.

"என்னப்பா, என்னய விட நீ பதட்டமா இருக்க?"

"ஒண்ணுமில்ல சார். போன மாசம் அவங்க கையில கட்டுப் போட நம்ம வண்டியிலதான ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்பச் சரியாயிருச்சா?"

சிவக்குமார் முதல் தடவையாக மேப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு அன்னைக்கே சொன்னேன்ல."

"ஆமா சார். சொன்னீங்க."

கொட்டாம்பட்டி நெருங்கியது. சிவக்குமார் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் ஆரம்பித்தார்.

"நேத்து ஒரு அறை விட்டேன். ஒரே ஒரு அறை. அதுக்கு ஒருத்தி வீட்டப் பூட்டிட்டுப் போயிருவாளா? பொம்பளைக்குக் கொஞ்சம் பயம் வேணும்ப்பா. இன்னைக்குக் கையில கிடைக்கட்டும், அப்புறம் இருக்கு."

அன்றைக்குப் பின்சீட்டில், உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் உதட்டைக் கடித்தபடி அழுத அந்தப் பெண்ணைக் கண்ணாடியில் பார்த்தவன் அழகுராஜா. வண்டியை ஓரங்கட்டி, "இறங்குய்யா கீழ" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவுமில்லை. தன்மேலேயே அவனுக்கு எரிச்சலாக வந்தது.

"எழுபத்தஞ்சு ஆயிருச்சு" என்றார் சிவக்குமார். "இந்தா, பக்கத்துல வந்துட்டோம். அந்தப் பச்சை பஸ்ஸுதான். விடாத, விடாத."

ஊருக்குள் ஆள் ஏற்ற பஸ் நின்றது. அழகுராஜா காரை அதன் மூக்குக்கு முன்னால் குறுக்காக நிறுத்தினான். டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

கார் முழுசாக நிற்பதற்குள் சிவக்குமார் கதவைத் திறந்துவிட்டார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டார்.

"நீ இங்கயே இரு. ஆள இழுத்துட்டு வாரேன்."

"மெதுவாப் பாருங்க சார். உள்ள கூட்டமா இருக்கு."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண்டக்டரைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினார்.

அழகுராஜாவின் போன் அடித்தது. மனைவி கனகா.

"என்னங்க, பவதாரிணிய நாகர்கோவில் ரயில்ல ஏத்திவிட்டுட்டேன். வண்டி கெளம்பி முக்கா மணி நேரமாச்சு, இந்நேரம் திருமங்கலத்தத் தாண்டியிருக்கும். அங்க ஸ்டேசன்ல அவ கூட்டாளி வந்து நிக்கிறேன்னு சொல்லிருச்சு."

"ம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்த அழகுராஜா, காலையிலிருந்து முதல் தடவையாகச் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். சிவக்குமார் இறங்கி வர இன்னும் ஐந்து நிமிடமாவது ஆகும். பவதாரிணி கொடுத்த போனைச் சத்தம் வராமல் அணைத்து, மாட்டுத்தாவணியில் அந்த பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில், கம்பி இடுக்கில், கைக்குச் சுலபமாக எட்டாத இடமாகப் பார்த்துச் செருகியவன் அவன்தான்.