கை வழுக்கிய வட்டிலப்பம்

"கை வழுக்கிட்டு" என்றார் ஹாஷிம் மாமா. அவருடைய குரலில் வருத்தம் இருந்ததாக மஸாஹிராவுக்குப் படவில்லை.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு எழும்பும்போதே சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், காலையில் அவித்து மேசையில் ஆறவைத்திருந்த பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் முழுவதும் குசினித் தரையில் கிடந்தது. கண்ணாடிச் சட்டி. துண்டுகள் கலந்துவிட்டதால் அள்ளி எடுக்கவும் வழியில்லை.

"பிரிட்ஜுல வைப்பமேண்டு தூக்கின" என்று மாமா விளக்கம் சொன்னார். அவள் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து, மாமனார் ஒரு தேநீர்க் கோப்பையைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைத்ததை அவள் கண்டதில்லை.

பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள். குடும்பம் முழுவதும் குண்டசாலைக்கு, அவள் வீட்டுக்கு வருகிறது. இதுவரை எல்லாப் பெருநாளும் வத்தேகமவில் மாமியார் ரபீகாவின் கையால்தான் நடந்தது. இந்த வருடம் முழங்கால் வலி என்று மாமி விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்த விதம் இப்படி:

"செஞ்சு பாருங்க, மகள். வட்டிலப்பம் சரிவராட்டி அடுத்த பெருநாள் வழமபோல இங்கதான்."

எதற்கும் தானும் ஒரு சட்டி செய்து கொண்டுவரவா என்றும் கேட்டார். வேண்டாம் என்று மஸாஹிரா சொல்லிவிட்டாள். சொன்ன நேரத்திலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை.

மாமாவை ஒரு நாள் முந்தி அனுப்பியதும் மாமிதான். நாளைக்கு வருபவர்கள் உட்காரக் கதிரைகள் கொண்டுவந்து இறக்கியவர் திரும்பிப் போகவில்லை. அதில் ஒன்றைக் குசினிக்குள் போட்டு, பத்திரிகையை விரித்துக்கொண்டார். வேவு பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். தரையைப் பார்த்த பிறகு அதைவிட மோசமாகவும் நினைத்தாள்.

நோன்போடு சமைப்பதில் உள்ள கஷ்டம், ருசி பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஹாஷிம் மாமா வீட்டில் இருக்கும்போது அந்தச் சிலரில் ஒருத்தியாக இருக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

நோன்பு விஷயத்தில் மாமா அப்படிப்பட்டவர். எச்சிலைக் கூட யோசித்துத்தான் விழுங்குவார் என்று மஸாஹிராவின் கணவன் நிஸாம் சொல்வான். சீனி வருத்தத்தோடு நோன்பு பிடிக்க வேண்டாம் என்று பேராதனையில் ஒரு டொக்டர் சொன்னார். மாமா டொக்டரை மாற்றினார்.

அவள் தரையைக் கூட்டித் துடைத்தாள். சிங்கில் ஒரு தேக்கரண்டி ஈரமாகக் கிடந்தது. அதை எப்போது எடுத்தோம் என்று நினைவு வரவில்லை. துடைத்து உள்ளே வைத்தாள். அழுகை வந்தது. நோன்போடு அழுதால் தலை இடிக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

"மாமிக்குக் கோல் எடுத்து ஒரு சட்டி கொண்டுவரச் சொல்லவா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அடுத்த பெருநாள் வத்தேகமவுக்குப் போய்விட்டது.

"வாணாம்" என்றார் மாமா. "நேரம் ஈக்கி. நீங்களே செய்ங்க."

அதோடு நிற்காமல் ஒரு த்ரீவீலைப் பிடித்துச் சந்திக்குப் போனார். முட்டை, தேங்காய், கருப்பட்டியோடு வந்தார். வந்ததும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு திருவலையின் முன் உட்கார்ந்தார்.

கண்டியில் பெருநாள் வியாபாரத்தில் நின்ற நிஸாம் கடையிலிருந்து கோல் எடுத்து, வாப்பா என்ன செய்கிறார் என்று கேட்டான். தேங்காய் திருவுகிறார் என்றாள்.

"வாப்பாக்குச் சொகமில்லையா?" என்று கேட்டான் நிஸாம்.

செய்த காரியம் மனதில் குத்துகிறது, அதுதான் இந்த உதவி என்று மஸாஹிரா முடிவுக்கு வந்தாள். மாமி சொல்லிச் செய்தாரோ, தானாகச் செய்தாரோ, அது பிறகு. வட்டிலப்பம் முதலில்.

கருப்பட்டியை உருக்கி வடித்தாள். முட்டையை அடித்தாள். கெட்டிப் பாலை ஊற்றி, ஏலக்காயும் சாதிக்காயும் தூவினாள். மாமா திரும்பவும் தன் கதிரையில், பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார். காலையில் இருந்த அதே பக்கம்தான் விரிந்திருந்தது.

இந்தக் கருப்பட்டியும் வெளிறல்தான், இனிப்புப் போதாது. வெளிறலாக இருந்தால் நாலு மேசைக்கரண்டி சீனி சேர்க்கும்படி மாமி வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். காலையிலும் அவள் அப்படித்தான் சேர்த்தாள். மேல்தட்டிலிருந்து அதே போத்தலை இறக்கினாள். பெருநாளுக்கு வாங்கிய சாமான்களைப் போத்தல்களில் கொட்டி அடுக்கியது நிஸாம். இந்தப் பெருநாளுக்கு அவன் செய்த வேலை அது ஒன்றுதான்.

முதல் கரண்டியை நிறைய அள்ளி, சட்டிக்கு மேலே கொண்டுவந்தாள்.

பத்திரிகை கொஞ்சம் இறங்கியது. மாமா தொண்டையைச் செருமினார். எதையோ சொல்ல வந்து, சுவர்ப் பக்கம் பார்த்து, நிறுத்தினார். கரண்டி சரியத் தொடங்கியது.

"அது உப்பு, மகள். காலையில போட்டதும் அதுதான்."