அறியாமைச் சான்று

2024 ஆகஸ்ட் 22, வியாழன், முற்பகல் 11.40. குற்றாலத்தில் சாரல், திருநெல்வேலிக்கு அதன் காற்று மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

அந்தக் காற்றில், அரசு மருத்துவமனை ஒன்றின் எட்டாம் எண் அறைக் கதவு தானாகத் திறந்து தானாகச் சாத்திக்கொண்டிருந்தது. கதவில், ‘வளரிளம் பருவத்தினர் ஆலோசனை மையம். இங்கே சொல்வது வெளியே போகாது’ என்று எழுதியிருந்தது. தாழ்ப்பாள் கேட்டு எழுதிய கடிதம் பரிசீலனையில் இருந்தது.

உள்ளே ஆலோசகர் ரீபாவும் பதினேழு வயது ஹனீனும் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹனீனுக்கு மாதவிடாய் தொடங்கினால் பதினைந்து நாள் நிற்பதில்லை. வகுப்பில் மயங்கி விழுந்த மறுநாள், ஜூன் 13 அன்று, முதன்முறையாக இங்கே வந்தாள். தனியாக வந்தாள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் இரத்தப்போக்கு நின்றது.

அதே மாத்திரையைத்தான் கருத்தடைக்கும் கொடுக்கிறார்கள். அட்டையின் பின்புறம் ஒரு கணவனும் மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே அட்டை ரீபாவின் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. வியாழன்தோறும் ஏழு மாத்திரைகள் ஹனீனின் ஜாமெட்ரி பெட்டிக்குள், காம்பஸுக்கு அடியில், வீட்டுக்குப் போயின.

ஜூலையில் தணிக்கை நடந்தது. பதிவேட்டில், ‘பெற்றோருக்குத் தெரியாமல் வந்தோர்: 41’ என்று இருந்தது. பெற்றோருக்குத் தெரியாது என்பதற்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை எனத் தணிக்கையாளர் குறிப்பெழுதினார்.

குறிப்பு சரியானதே என்று அலுவலகக் கண்காணிப்பாளர் வெங்கடசுப்பிரமணியன் கருதினார். தெரியாது என்பதைத் தெரியாதவர்தானே சொல்ல வேண்டும்? மூன்று நாள் உழைத்து ஒரு படிவம் தயாரித்தார். ‘என் மகள் மேற்படி மையத்துக்கு வந்துபோவதை நான் அறியேன்’ என்று பெற்றோர் அதில் கையொப்பமிட வேண்டும்.

“கையெழுத்துப் போட்டா தெரிஞ்சிருமே சார்?” என்று ரீபா கேட்டாள்.

“அதுக்குத்தாம்மா மூணாவது பத்தி.”

மூன்றாவது பத்தி: ‘இப்படிவத்தின் வாயிலாக அறிந்ததைக் கையொப்பமிட்ட கணமே மறந்துவிட்டேன்.’

அதன் கீழே ஒரு கட்டம்: ‘அறியாமை தொடங்கிய நாள்.’ அதில் என்ன எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் கட்டம் காலியாக இருந்தால் படிவம் செல்லாது.

படிவம் தராதவர்களுக்கு மருந்து இல்லை. கடைசி நாள் ஆகஸ்ட் 22. இன்றுவரை ஒரு படிவமும் திரும்பவில்லை. நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அந்த மையத்தில் இரகசியம் இவ்வளவு முழுமையாகக் காக்கப்பட்டது அதுவே முதல்முறை.

“உம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாரேன்,” என்றாள் ரீபா.

“அட்டையப் பாத்தா அவங்க நோயவா நெனைப்பாங்க? வேண்டாம்க்கா.”

ஜாமெட்ரி பெட்டியில் இன்றைய மாத்திரைகூட இல்லை.

எட்டாம் எண் அறைக்கு எதிரே பல் பிரிவு. அதன் பெஞ்சில் இருந்த எல்லாரும் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்ததால், யாரும் யாரையும் அடையாளம் காண்பதில்லை. ஓரத்தில் கறுப்புப் பர்தா அணிந்த ஒரு பெண் இருந்தார். முகத்திரைக்கு மேலேயே கைக்குட்டையை அழுத்தியிருந்தார். வியாழன்தோறும் வருவார், டோக்கன் வாங்க மாட்டார். எட்டாம் எண் அறைக் கதவு திறந்தால் அவருக்கு வலி கூடிவிடும், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். இன்று காற்று அவரை ஓயவிடவில்லை.

“என்ன தாயி, வாரம் தவறாம வாரிய,” என்றார் காவலாளி சுடலைக்கண்ணு. “பல்லு இன்னுமா ஆடிக்கிட்டு இருக்கு?”

“ஆடுது அண்ணாச்சி. விழ மாட்டேங்கு.”

கதவு திறந்தது. இம்முறை காற்று அல்ல. ஹனீன் படிவத்தைக் கசக்கி, பெஞ்சின் ஓரத்திலிருந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, ஜாமெட்ரி பெட்டி குலுங்கும் சத்தத்தோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

சிறிது நேரத்தில் எட்டாம் எண் அறைக்குள் கறுப்புப் பர்தா வந்து நின்றது.

“பல் டாக்டர் எதிர்த்தாப்புலம்மா,” என்றாள் ரீபா, தலை நிமிராமல்.

அந்தப் பெண் கைக்குட்டையை எடுத்தார். முகத்திரையையும் விலக்கினார். கன்னத்தில் வீக்கம் ஏதும் இல்லை.

“இங்கன சொன்னா வெளிய போவாதுன்னு கதவுல போட்டிருக்கே. அது புள்ளையளுக்கு மட்டுந்தானா, எனக்கும் உண்டுமா?”

“உங்களுக்கும் உண்டும்மா.”

“அப்பம் நான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம். பேட்டை பஸ்சு வர இன்னும் பத்து நிமிசம் இருக்கு. ஆளவிட்டுக் கூப்பிட்டா வந்துருவா.”

சுடலைக்கண்ணுவின் பேனாவையும், தொடையில் வைத்து நீவி நீவிச் சுருக்கம் எடுத்த ஒரு தாளையும் மேசையில் வைத்தார்.

‘நான் அறியேன்’ என்பதற்குக் கீழே, நிதானமான கையெழுத்தில்: ஷரீபா பீவி, தாய்.

கட்டம் காலியாக இல்லை. அறியாமை தொடங்கிய நாள்: 13.06.2024.