சோபாவில் கிடந்த கிண்ணம்

“இது என்னன்னு தெரியுதா?”

ராயப்பராஜ் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சின்ன எலுமிச்சம்பழ அளவில் ஒரு மரக் கிண்ணம். உள்ளே கரி அப்பியிருந்தது. அடியில், திருகி மாட்டுவதற்கான மரை.

அவர் மனைவி ஜெயமேரி எட்டிப் பார்த்தாள். “ஏதோ மேசைக்காலு மூடி மாதிரி இருக்கு. குடுங்க, குப்பையில போடுறேன்.”

“மூடியா? மோந்து பாரு, புகையில! பைப்புல புகை பிடிக்கிற கிண்ணம்டி இது. சோபா மெத்தைக்கு அடியில கெடந்துச்சு. நேத்து அந்த எடத்துல உக்காந்திருந்தது யாரு? மாப்பிள்ள!”

நேற்றுதான் அகரத்திலிருந்து பிரான்சிஸின் வீட்டார் வந்து மகள் லிடியாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையனுக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை. லிடியாவுக்கும் பிடித்துவிட்டது. இன்று நான்கு மணிக்குள் முடிவு சொல்வதாகப் பேச்சு.

ராயப்பராஜுக்குப் புகையிலை என்றாலே ஆகாது. கூடப்பிறந்த அண்ணனைச் சுருட்டுக்குப் பறிகொடுத்தவர். அதிலும் வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் போய் விசாரிக்காமல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

“நீ தெனமும் சாயங்காலம் சாம்பிராணி போட்டுக் கோயில் மாதிரி வச்சிருக்கிற வீடு. அதுல வந்து ஒருத்தன் இதப் போட்டுட்டுப் போறான்! பேகம்பூர்ல ஹக்கீம் பாய்னு ஒருத்தரு கடை வச்சிருக்காராம். இந்த ஊருல இதெல்லாம் விக்கிறது அவரு ஒருத்தருதானாம். போயி விசாரிச்சுட்டு வாரேன். அகரத்துப் பையன் வாங்குனான்னு தெரியட்டும், இந்தச் சம்பந்தமே வேணாம்!”

அறை வாசலில் நின்ற லிடியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அவரப் பாத்தா அப்படித் தெரியலப்பா.”

“தெரியுற மாதிரி எவன் பிடிப்பான்?”

“வெயில் இம்புட்டு அடிக்குது. செத்த நேரம் படுத்து எந்திரிச்சுப் போங்களேன்,” என்றாள் ஜெயமேரி.

“நாலு மணிக்கு என்னடி பதில் சொல்றது? ஸ்கூட்டர் சாவி எங்க?”

சாவி ஆணியில் இல்லை. சட்டைப் பையில் இல்லை. டிவிக்கு மேலும் இல்லை. ஜெயமேரியும் கூடவே தேடினாள், கட்டிலுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தாள். கால் மணி நேரம் போனதுதான் மிச்சம். ராயப்பராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு நடந்தே கிளம்பிவிட்டார்.

அவர் வியர்த்து விறுவிறுத்துப் பேகம்பூர் போய்ச் சேர்ந்தபோது, அப்துல் ஹக்கீம் மதியத் தொழுகை முடித்துவிட்டுக் கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார்.

“அட, நம்ம கடைச் சரக்கு!” என்று கிண்ணத்தை வாங்கிய பாய், கண்ணாடி அலமாரியிலிருந்து வெள்ளியாய்ப் பளபளத்த ஒரு தண்டை எடுத்தார். கிண்ணத்தை அதில் வைத்து இரண்டு திருகு திருகினார். பைப் தயார்.

“தண்டு அலுமினியம் சார். புகை வாய்க்கு வர்றதுக்குள்ள சூடு தணிஞ்சிரும். ஈரம் அடியிலயே தங்கிரும். ஒரு தண்டுக்கு நாலு கிண்ணம் வாங்கி வச்சுக்கிட்டா, ஒண்ணு ஆறுறதுக்குள்ள அடுத்தத மாட்டிரலாம். கழட்டிட்டா தண்டு பேனா டப்பாவுல பேனாவோட பேனாவா கெடக்கும்.”

“கொறையே இல்லையாக்கும்?” என்றார் ராயப்பராஜ் எரிச்சலோடு. மணி இரண்டரை.

“ஏன் இல்ல? முழுசா மரத்துல செஞ்ச பைப்போட சொகம் இதுல வராதும்பாங்க. பல்லு படுற எடம் தேஞ்சா தண்டையே தூக்கிப் போடணும். இந்தா, இதப் பாருங்க, மரை தேஞ்சிருச்சு. இப்படி ஆச்சுன்னா கிண்ணம் சொல்லாமக் கொள்ளாமக் கழண்டு விழுந்துரும். விழுந்தது தெரியவும் தெரியாது.”

“விழுந்துதான் பாய் கெடந்துச்சு! இத வாங்குனது யாரு?”

பாயின் முகம் மாறியது. “யாவாரத்துல ஆளக் காட்டிக் குடுக்கக் கூடாது சார்.”

“பேரு வேணாம். அகரத்துப் பையனா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. எம்மக வாழ்க்க பாய்! இப்ப நான் அவசரப்பட்டு வேணாம்னு சொன்னாலும் தப்பு, தெரியாம சரின்னு சொன்னாலும் தப்பு.”

பாய் தாடியைத் தடவிக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள், சார்ஜில் கிடந்த அவருடைய போன் அடித்தது.

“தொழுகையில இருந்தப்பவே மூணு தடவ வந்திருக்கு. ஒரு நிமிஷம் சார்.” கையெல்லாம் பைப்பின் கரி. ஒரே ஒரு விரலை நீட்டி ஸ்பீக்கரை அமுக்கினார்.

“எம்புட்டு நேரமா அடிக்கிறேன் பாய்!” மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் குரல். “எங்க வீட்டுக்காரரு கிண்ணத்தத் தூக்கிட்டு அங்கதான் வாராரு. ஸ்கூட்டர் சாவிய அரிசிப் பானைக்குள்ள போட்டும் மனுஷன் நடந்தே கெளம்பிட்டாரு. யாரோ கேரளாக்காரன் வாங்குனதுன்னு சொல்லிருங்க. பாவம், ஒண்ணும் அறியாத மாப்பிள்ளத் தம்பி மேல பழி விழுது… அப்புறம், மரை நல்லா இருக்கிற கிண்ணமா எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க.”

ராயப்பராஜ் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஜெயமேரியைப் பெண் பார்க்கப் போகும் முன், அவளுடைய அப்பா, அண்ணன், தாய்மாமன் வரைக்கும் யாருக்காவது புகைப் பழக்கம் உண்டா என்று வேடசந்தூர் முழுக்க அலைந்து விசாரித்தவர்தான் அவர். பெண்ணைப் பற்றிக் கேட்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.