பானகத்தை ருசி பார்த்தவர்கள்

மண்டையைப் பிளக்கும் வெயிலில், தோட்டத்து மாமர நிழலில் அணிலக்கா ஒரு பானை பானகம் கரைத்தாள். கிளிக்கூட்டத்தையே விருந்துக்கு அழைத்திருந்தாளே, மானம் போகக்கூடாது!

ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். வெல்லம் தூக்கல். எலுமிச்சை பிழிந்துவிட்டு மறுபடி குடித்தாள். ஐயோ, புளிப்பு!

கிளையில் உட்கார்ந்திருந்த மைனாவைக் கூப்பிட்டாள். “மைனா, சுக்கு போதுமான்னு நீயாவது பார்த்துச் சொல்லேன்!”

மைனா நாலு மடக்கு குடித்தான். “ஒண்ணும் பிடிபடலையே அக்கா, இன்னொரு தடவை பார்க்கட்டுமா?”

இருவரும் மாறி மாறி ருசி பார்த்தார்கள். ஏப்பம் விட்டார்கள், சிரித்து உருண்டார்கள், மறுபடியும் பார்த்தார்கள்.

கிளிகள் நாக்கு வறள வந்திறங்கின. பானையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை நக்கிய அணிலக்கா துள்ளிக் குதித்தாள்:

“வாங்க, வாங்க! இப்பதான் ருசி கச்சிதமா வந்திருக்கு!”